எருசலேமில் நைனா பிடித்த இடம்

நேற்று திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு நீள வரிசை. எதற்கென்றே தெரியாமல் என் கால் அதன் கடைசியில் போய் நின்றுவிட்டது. சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது ரத்தத்திலேயே உண்டு. மலைக்குப் போகிறவர்கள் தரிசனத்துக்கு நிற்பார்கள். சித்தூர் மிஷன் சபைக்காரர்களான நாங்கள் பஸ்ஸுக்கும் ரேஷனுக்கும் நின்றே வளர்ந்தோம். நைனா, அதாவது என் அப்பா, இடம் பிடித்து நிற்பார். நான் முன்னால் ஓடி, என்ன வரிசை என்று கேட்டு வருவேன். அதுதான் எங்கள் வழக்கம்.

முன்னால் நின்ற பெண் ஆரஞ்சுப் பழம் உரித்தாள். அவ்வளவுதான், அந்த வாசனை என்னை எருசலேமில் கொண்டுபோய் விட்டது.

சபையோடு குழுவாகப் போயிருந்தோம், எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி. ஆண்டவரின் காலிக் கல்லறைக்குள் மண்டியிட வேண்டும், நைனாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. அம்மா சாகும்வரை ஆசைப்பட்டது அது. கல்லறைக் கோயிலை ஒட்டிய சந்தில் வரிசையைப் பார்த்ததும் போய் நின்றுவிட்டார்.

"முன்னால போய் கேட்டுட்டு வரட்டா நைனா?"

"வாணாம், தொலஞ்சி பூடுவ. இம்மாம் பெரிய லைனு கீதே, வேற இன்னாத்துக்குடா நிப்பாங்க?"

எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது.

பக்கத்தில் ஒருவன் ஆரஞ்சு பிழிந்துகொண்டே இருந்தான். நைனா வாய்க்குள் கீர்த்தனை பாடியபடி நகர்ந்தார். சந்து திரும்பியது. அங்கே இருந்தது கழிப்பறை. ஐயோ, அந்த முகம்!

அதற்குள் பாஸ்டர் ஐயா மூச்சிரைக்க ஓடி வந்தார். "பெரியவரே, எல்லாரும் பாத்துட்டு வந்துட்டாங்க. பஸ்ஸு கெளம்புது, பிளைட்டுக்கு நேரமாச்சு."

பஸ்ஸுக்குப் போகிற வழியில் நைனா கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் சபையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அவசரப்படுத்திய பாஸ்டர் ஐயாவும் காத்து நின்றார்.

பஸ்ஸில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கம்மா கேட்டா இன்னாடா சொல்லுவேன்? இன்னொரு தபா இட்டுனு வருவியா?"

"வரேன் நைனா."

அடுத்த மழைக்காலத்துக்குள் சித்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டார். அந்த மஞ்சள் தொப்பியை ஒரு வரிசையில் இன்னொரு முறை பார்க்கமாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நேற்றும் பழக்க தோஷத்தில் முன்னால் போய்க் கேட்டேன். பெங்களூர் பஸ்ஸுக்காம். திரும்பி வந்து பார்த்தால், நான் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.