சூளைக்குள் வைத்த குட்டிகள்

ஆராயிக்கு நாற்பத்தெட்டு வயது. விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பதினேழு வருஷமாக வேலை. காய்ந்த கட்டைகளின் பிசிறைத் தட்டி, துடைத்து, பலகையில் வைத்துச் சூளை வாசல்வரை சுமந்துபோய்க் கொடுப்பாள். வாங்கி உள்ளே அடுக்குகிறவன் மாணிக்கவேல். வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, களிமண் பூசி, தீ மூட்டுவதும் அவன்தான்.

கம்பெனியில் ஒரு சாம்பல் நிறப் பூனை திரிந்தது. யாரும் வளர்த்ததில்லை. ஆராயி தன் சாப்பாட்டில் மீன் முள்ளோடு ஒரு கவளம் சோறு ஒதுக்கி வைப்பாள், அவ்வளவுதான். கார்த்திகை மழையில் அது காலிச் சாக்குகளுக்கு நடுவே மூன்று குட்டி போட்டது. சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தாள். கூரை ஒழுகி சாக்கெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. குட்டிகள் சில்லிட்டுக் கிடந்தன.

பக்கத்தில் சூளை, சரக்கு இறக்கிவிட்டுக் காலியாக இருந்தது. உள்ளே இன்னும் கதகதப்பு. மறுநாள் ஞாயிறு, லீவு. திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து எடுத்துவிடலாம் என்று, குட்டிகளை முந்தானையில் ஏந்திப்போய்ச் சூளையின் கடைசி மூலையில் வைத்தாள். தாயும் பின்னாலேயே போய்ப் படுத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடுவார்கள் என்று பயம். நிம்மதியாகத்தான் பஸ் ஏறினாள்.

ஞாயிறன்று ஸ்ரீமுஷ்ணத்தில் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. காலையில் சூப்பர்வைசர் தமிழ்ச்செல்வன் இரண்டு தடவை போன் செய்தார். லீவு நாளில் வேலைக்குக் கூப்பிடத்தான் இருக்கும், அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தபோது சூளை எரிந்துகொண்டிருந்தது. அவசர ஆர்டர், ஞாயிறே அடுக்கிவிட்டார்கள். அடைத்த வாசலுக்கு முன்னால் பூனை. அனல் தாங்காமல் பின்னால் நகரும், மறுபடி வாசலுக்குப் போகும். ஆராயிக்குப் புரிந்துவிட்டது. பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் மாணிக்கவேல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அவனாகவே அவளிடம் வந்து சொன்னான். அடுக்கும்போது குட்டிகள் கண்ணில் படவில்லை. தாய் அவற்றைப் புகை போகும் ஓட்டைக்குள் இழுத்துப் போயிருக்கிறது. அது இரை தேடி வெளியே போன நேரத்தில் வாசலை அடைத்துவிட்டான். தீ மூட்டினால் முதல் இரண்டு மணி நேரம் இளஞ்சூடுதான். அப்போதுதான் சத்தம் கேட்டது. சூப்பர்வைசரிடம் சொன்னான். பூனை வெளியேதான் கத்துகிறது, வேலையைப் பார் என்றார் அவர்.

"அவரு சொன்னதும் நானும் அப்படியே நெனைச்சுக்கிட்டேங்க்கா. ஆனா உள்ளதான்னு எனக்குத் தெரியும். செவுத்தைப் பிரிக்க அரை மணி நேரம் ஆவும். வூட்டுக்குப் போவணும்னு இருந்துச்சு."

அவன் கண் கலங்கியிருந்தது. எல்லாப் பழியும் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தான். ஆராயி வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே அவன் தலையில் நின்றிருக்கும்.

"நான்தாம்ப்பா உள்ள வெச்சேன். குளுருதேன்னு வெச்சேன்."

மாணிக்கவேல் அவளையே பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றான்.

புதன்கிழமை சூளையைப் பிரித்தார்கள். கட்டைகளில் ஒன்றில்கூட விரிசல் இல்லை. இந்த வருஷத்திலேயே நல்ல வேக்காடு இதுதான் என்று தமிழ்ச்செல்வன் முதலாளிக்குப் போனில் சொன்னார். புகை ஓட்டையின் வாயில் ஒரு கையளவு வெள்ளைச் சாம்பல் இருந்தது. மாணிக்கவேல் அதை அள்ளிக் காம்பவுண்டு ஓரமாகப் புதைத்தான். ஆராயி அந்தப் பக்கம் போகவில்லை.

அதற்குள் பூனைக்குப் பால் கட்டி, மடி கல்லாக இறுகியிருந்தது. கூடையில் மூடி, ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குட்டிகள் எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். ஆராயி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் ஊசி போட்டார், மூன்று நாள் தொடர்ந்து கொண்டுவரச் சொன்னார். மூன்று நாளும் போனாள். மடி இளகியது. நாலாம் நாள் கூடையைத் திறந்துவிட்டதும் ரயில் பாதைப் பக்கம் ஓடிய பூனை, கம்பெனிக்குத் திரும்பவே இல்லை.

அதன்பின் ஒவ்வொரு முறையும் அடுக்குவதற்கு முன்னால், செல்போன் வெளிச்சத்தில் சூளைக்குள் மண்டியிட்டு ஓட்டை ஓட்டையாகப் பார்ப்பாள். நேரமாகிறது என்று தமிழ்ச்செல்வன் சத்தம் போட்டார். மாணிக்கவேல் அவள் வெளியே வரும்வரை செங்கல்லைத் தொடாமல் நின்றான். தை மாதம் அவன் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை கிடைத்துப் போய்விட்டான். புதிதாக வந்தவன் அவளுக்காக நிற்கவில்லை. அவள் அரை மணி முன்னதாக வர ஆரம்பித்தாள்.

அடுத்த ஐப்பசியில் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு நாய் நாலு குட்டி போட்டது. அன்றும் சனிக்கிழமை, மழை இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஷெட்டுக்குக் கொண்டுபோயிடலாமா அத்தை என்று கூட வேலை செய்யும் கயல்விழி கேட்டாள். ஆராயி குனிந்தாள். கை குட்டிகள்வரை போனது, தொடவில்லை. தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, இருந்த இடத்திலேயே அவற்றுக்கு மேல் கட்டினாள்.

ஞாயிறு காலை, லீவென்றும் பாராமல் முதல் பஸ்ஸில் வந்தாள். இரண்டு குட்டி செத்துக் கிடந்தது. ஷெட்டுக்குள் வைத்திருந்தால் நாலும் பிழைத்திருக்குமோ என்னவோ, அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் புதைத்தாள். தாய்க்குச் சோறு வைத்துவிட்டு, தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக் கட்டி, மழை விடும்வரை அங்கேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.