புது ஆளு ராமாயி

கீழ்வேளூருக்குக் கிழக்க, வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற ஊரு ராமாயியோடது. புருஷன் நீர்கட்டி. எந்த வயலுக்கு எப்பத் தண்ணி, எந்த ஷட்டர எப்பத் தொறக்கணும்னு பாக்குற வேலை. அவரு செத்த மூணாம் நாளே மழை. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ராமாயி போனா. அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் அவதான். மேக்கால ஊர்க்காரங்ககூட கரையில நின்னு, "ராமாயி, தொறக்கலாமா?"ன்னு கத்திக் கேட்டுட்டுத்தான் ஷட்டர்ல கைய வைப்பாங்க.

அப்புறம் செல்போன்ல, எல்லாரும் தொறந்து படிக்கிற மாதிரி ஒரு பொதுப் பக்கம் வந்துச்சு. கீழ்வேளூர்ல போன் கடை வச்சிருக்கிற உபைதுல்லா ஆரம்பிச்சது. சவுதியில, தம்மாம்ல ஒரு கம்பெனியில பன்னெண்டு வருஷம் ஃபைல் பாத்துட்டு வந்தவரு. எதையும் எழுதி வைக்கலன்னா அவருக்குச் சோறு எறங்காது. சுத்துப்பட்டு ஊரு வடிகால், ஷட்டர், எது அடைச்சிருக்கு, எது ஓடுது, எல்லாம் அதுல இருக்கும். யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம். நல்ல காரியம். இல்லன்னு சொல்றவன் வடிகால்ல எறங்காதவன்.

போன வருஷம் எவனோ புதுசா வந்தவன் வெளையாட்டுக்கு எழுதிட்டான்: "மூணாம் ஷட்டரத் தொறக்காதீங்க, பழுது." மேக்கால ஊரு அஹமது கபீர் அத நம்பித் தொறக்காம இருந்தாரு. நாத்தங்கால் முழுக்க முங்கி அழுகிப்போச்சு.

டீக்கடையில கூட்டம் போட்டாங்க. விவசாயத் தொழிலாளர் சங்கத்துல காலம்பூரா கெடந்த இராஜாங்கம் எந்திரிச்சாரு. "சங்கத்துல என்ன செய்வோம்? புது ஆளு ஆறு மாசம் பின்னாடி ஒக்காந்து கேக்கணும், கை தூக்கக் கூடாது. இங்கயும் அதான். புது ஆளு எழுதினா ரெண்டு பழைய ஆளு சரின்னு போட்டாத்தான் வெளிய தெரியணும்"னாரு.

பெஞ்சு ஓரத்துல இருந்த ராமாயியும் தலைய ஆட்டினா. சங்கத்துல அவளும் ஆறு மாசம் பின்வரிசையில ஒக்காந்தவதான்.

இந்த வருஷம் பாலம் கட்ட வந்தவங்க வடிகாலுக்குக் குறுக்க மண்ணக் கொட்டி அடைச்சாங்க. வேலை முடிஞ்சும் எடுக்கல. இப்ப மூணாம் ஷட்டரத் தொறந்தா தண்ணிக்குப் போக வழி இல்ல. திரும்பி ராமாயி ஊரு வயலுக்குள்ளதான் ஏறும். அவ அஞ்சு மா நெலத்தக் குத்தகைக்கு எடுத்து சம்பா நட்டு நாப்பது நாளு ஆச்சு. இத்தன வயசுக்கு அவ சொந்தப் பேர்ல செய்யிற மொத வெள்ளாமை அது.

மழை வருதுன்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல இன்னமும் "மழை வந்தா மூணாம் ஷட்டரத் தொறக்கலாம்"னுதான் கெடக்கு. ராமாயி போன வாய்கிட்ட வச்சுப் பேசினா, அது எழுத்தாச்சு: "மூணாம் ஷட்டரத் தொறக்காதீங்க. பாலத்துகிட்ட மண்ணு அடைச்சிருக்கு." அனுப்பிட்டு, கொடையோட ஷட்டர்கிட்டயே போய் ஒக்காந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் அவ எழுதினது பக்கத்துல வரல. உபைதுல்லாவுக்குப் போன் போட்டா.

"பாய், நான் எழுதினதக் காணோமே?"

"வரிசையில நிக்குது ராமாயிக்கா. நான் சரின்னு போட்டுட்டேன். பழைய ஆளுன்னு இருக்கிறது நாங்க ரெண்டு பேருதான், இன்னொண்ணு இராஜாங்கம் தோழர் போடணும். தஞ்சாவூருக்கு மாநாட்டுக்குப் போயிருக்காரு."

"எனக்கு எதுக்கு வரிசை?"

"பக்கத்துல எழுதுறதுக்கு நீங்க புது ஆளுதானே, இது மொதப் பதிவு."

ராமாயி சிரிச்சுட்டா. "நான் புது ஆளா? அந்த ஷட்டரக் கட்டுனப்ப ஜல்லி சொமந்தவ பாய் நானு."

"தெரியாமயா இருக்கேன்? போன வருஷம் அந்தப் பயலும் இதே வார்த்தையத்தானே எழுதினான். போட்ட சட்டத்த நானே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்? விடிஞ்சா வந்துரும்க்கா. நனையாதீங்க, வீட்டுக்குப் போங்க."

போனா. அவரு சொன்னத நம்பிப் போனா.

மாநாடு முடியிற வரைக்கும் போன அணைச்சு வைக்கணும்ங்கறதும் இராஜாங்கம் போட்ட சட்டம்தான். காலையில மழை ஊத்துச்சு. ஒரு தடவ சுட்டுக்கிட்ட கபீர் பக்கத்தப் பாத்தாரு, தொறக்கலாம்னு இருந்துச்சு, தொறந்தாரு. அவரு நம்பர் உபைதுல்லாகிட்ட இருக்கு, ராமாயிகிட்டயும் இருக்கு. ஒரு போன் போட்டிருந்தாத் தீந்திருக்கும். பக்கம் வந்ததுலேருந்து எவனுக்கும் எவனையும் கூப்பிடணும்னு தோணுறதில்ல.

தண்ணி ஆறு நாளு நின்னுச்சு. அஞ்சாம் நாளு, தொடையளவு தண்ணியில நின்னு பயிர ராமாயி பிடிச்சு இழுத்தா. வேர் இல்லாம கையோட வந்துச்சு. அப்பத்தான் மடியில போன் சத்தம் போட்டுச்சு. 'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது. நன்றி.'

கபீர் கரையில வந்து நின்னாரு. "பக்கத்துல தொறக்கலாம்னு போட்டிருந்துச்சும்மா."

"முன்னெல்லாம் என்னையக் கேப்பீங்க பாய்."



இராஜாங்கமும் உபைதுல்லாவும் சேந்து வந்தாங்க. "சட்டத்த எடுத்துரலாம் ராமாயி. என் தப்பு"ன்னாரு இராஜாங்கம்.

"எடுக்காதீங்க தோழர். கபீர் பாய் நாத்து அழுகுனதும் அழுகல்தானே. புது ஆள நிறுத்தி வைங்க. ஆனா நிக்கிறவன எவனாவது வந்து பாக்கணுமா இல்லையா? சங்கத்துல நான் பின்னாடி ஒக்காந்திருந்தப்ப நீங்க வீடு தேடி வந்து பேசினீங்க. அத மறந்துட்டு கை தூக்கக் கூடாதுங்கறத மட்டும் கொண்டாந்துட்டீங்க."

உபைதுல்லா மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. திரும்பின பக்கமும் அழுகின வயல்தான் கெடந்துச்சு, அதையும் அவரால பாக்க முடியல.

தை மாசம் நெலத்துக்காரரு குத்தகைய வேற ஆளுக்கு மாத்திட்டாரு. ராமாயி மறுபடி கூலிக்கு நடவுக்குப் போறா. பக்கத்துல மட்டும் அவ பேருக்கு நேரா 'பழைய ஆளு'ன்னு போட்டிருக்கு.

சரி பாக்கச் சொல்லி அவளுக்கு வந்த மொதப் பதிவு, நன்னிலம் பக்கம் கட்டிக்குடுத்துப் புதுசா வந்திருக்கிற ஹுமைராங்கற பொண்ணு எழுதினது: 'எங்க ஊரு ஷட்டர்ல சங்கிலி அறுந்திருக்கு, யாரும் தொறக்காதீங்க.' ராமாயி நம்பரத் தேடிக் கூப்பிட்டா.

"ஏம்மா, நேர்ல பாத்தியா?"

"அங்கதாங்க நிக்கிறேன். நான் புதுசு, போடுவாங்களான்னு தெரியல."

"நான் சரின்னு போட்டுட்டேன். கீழ்வேளூர் பாய்கிட்டயும் இப்பவே பேசுறேன். மேக்கால இருக்கிறவங்களக் கூப்பிட்டு வாயால சொல்லு. அது பக்கத்துல வர்ற வரைக்கும் அங்கயே நில்லும்மா. யாரு சொன்னாலும் வீட்டுக்குப் போயிடாத."