குளிக்காத சித்திரை

டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். எங்கள் வளவில் அதற்கு ஒரே பெயர்தான், கரப்பான். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு என்று இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். சிவக்கும், தடிக்கும், சொறிந்தால் நீர் கசியும், காய்ந்தால் வெடிக்கும். அடுப்படியில் ஓடுகிற கரப்பான் பூச்சிதான் தோலுக்கு அடியில் புகுந்து ஊர்கிறது என்று சின்ன வயதில் நான் நம்பினேன். அதை வெளியே எடுக்கத்தான் அப்படிச் சொறிந்தேன். யாரிடமும் இதைக் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள், சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போதே எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் திண்டுக்கல்லில் ஒரே கிணற்றைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வளவில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் காய்கறிக் கமிஷன் மண்டியில் வேலை. கரப்பான் வந்தவளுக்குக் கரப்பான் பண்டம் ஆகாது என்று முதலில் கத்திரிக்காயை நிறுத்தினார்கள். அடுத்து கருவாடு போனது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்றாகச் சேர்த்துவிட்டுப் போனார்கள். சோளம் ஆகாது, தட்டாம்பயறு ஆகாது, பூசணி ஆகவே ஆகாது. கடைசியில் எனக்கு மிஞ்சியது ரசமும் சுட்ட அப்பளமும்தான். "மூட்டை மூட்டையாக் கத்திரிக்கா எறக்குறேன், எம் மக தட்டுல ஒரு வெஞ்சனம் இல்ல பாரு" என்று அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் புலம்புவார். கரப்பான் மட்டும் என் கூடவே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஒருநாள் என் மணிக்கட்டு கசிந்து, பக்கத்தில் இருந்தவளின் பாவாடையில் பட்டுவிட்டது. மறுநாள் அவள் அம்மா வந்து சத்தம் போட்டாள். அதோடு கடைசி பெஞ்சில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். அவ்வளவு நீள பெஞ்சில் நான் ஒருத்திதான். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து போனபோது தலைமை ஆசிரியையான மதர், அம்மாவை வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"ஒட்டுவாரொட்டி மாதிரி தெரியுதும்மா. மத்த பிள்ளைங்க வீட்டுல பயப்படுறாங்க. நல்லா ஆனப்புறம் ஜூன்ல கூட்டிட்டு வாங்க. கொஞ்சம் சுத்தமா வச்சுக்கங்க."

ஜூனிலும் ஆறாவிட்டால் என்ன செய்வது? அதற்கு அப்பா அன்று இரவே பதில் சொல்லிவிட்டார். "பேசாம வீட்டோட இருக்கட்டும். பொம்பளப் பிள்ளை, படிச்சது போதும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம், அவமானம் தாங்காமல் சொன்னார். எனக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். ஜூன் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன்.

அம்மாவை வதைத்தது வேறு சொல். சுத்தம்! அம்மாவிடம் போய்ச் சுத்தத்தைப் பற்றிச் சொல்வதா? ஜெபமாலைக்கு அடுத்தபடியாக அவள் வாயில் அதிகம் வருவது 'கூழானாலும் குளித்துக் குடி' என்பதுதான். எங்கள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். மதர் சொன்னதைக் கேட்டு வந்த நாள் முதல், காலையும் மாலையும் என்னைக் குளிப்பாட்டுவது அவளுக்கு ஒரு சபதம் ஆகிவிட்டது. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், மருந்து வாடை அடிக்கும் சிவப்பு சோப்பு. அழுக்கு விட வேண்டும் என்று தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா வேறு. தேய்ப்பதற்கு முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு.

சுடுதண்ணீர் படும்போது அரிப்புக்கு அப்படி ஒரு சுகமாக இருக்கும், சொன்னால் நம்பமாட்டீர்கள். துடைத்த கொஞ்ச நேரத்தில் தோல் இழுத்துக்கொண்டு, அங்கங்கே கீறல் விட்டு எரியும். நான் கத்துவேன்.

"வாய மூடுடி. அழுக்குப் போனாத்தான் அரிப்புப் போகும். செத்த நேரம் பொறுத்துக்க, தாயி."

"அழுக்குப் போகல, தோலுதான் போகுது!" என்று நான் திருப்பிக் கத்துவேன். கோபத்தில் கத்தினேனே தவிர, நான் சொன்னது எனக்கே புரியவில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த கதைதான். பங்குனியில் வளவுக் கிணறு இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று பெண்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். அம்மா தன் பங்கையும் எனக்கே ஊற்றினாள். குளிக்காமல் காபிகூடக் குடிக்காதவள், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

சித்திரையில் வாளியில் சேறுதான் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் வண்டித் தண்ணீர் வாங்கினோம். குளிப்பது என்ற பேச்சே இல்லை. அன்று அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து, வீட்டில் சாவு விழுந்ததுபோல அழுதாள். "மாதாவே, ஒரு பிள்ளையக் குளிப்பாட்ட இம்புட்டுப் பெரிய ஊருல தண்ணி இல்லையா?" ஜூனுக்கு அதிக நாள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் ஈரத்துணியால் என்னை ஒற்றி எடுத்து, வெடிக்காமல் இருக்கட்டும் என்று அந்த ஈரத்தின் மேலேயே தேங்காயெண்ணெய் தடவினாள். துவைக்கவும் தண்ணீர் இல்லாததால், அப்பாவின் நைந்துபோன வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டாள்.

ஒரு மத்தியானம் தாயம் விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். காலையிலிருந்து நான் சொறியவே இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பு வெளுத்திருந்தது. வெடிப்புகள் மூடிக்கொண்டிருந்தன. அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். கத்திரிக்காயை விட்டதன் பலன் என்றார் அப்பா. தான் மாதா கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டதன் பலன் என்றாள் எதிர்வீட்டு அக்கா. இரண்டு பேருக்கும் அன்று சண்டையே வந்துவிட்டது.

வைகாசியில் நல்ல கோடை மழை பெய்து கிணறு ஊறியது. சந்தோஷத்தில் அம்மா அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சி, வேப்பிலை, சோப்பு, சோடா, பீர்க்கங்கூடு என்று எல்லாவற்றையும் போட்டு, விட்டதற்கும் சேர்த்துத் தேய்த்துவிட்டாள். மறுநாள் காலையில் முழங்கை மடிப்பு இரண்டும் செக்கச்செவேல் என்று எழும்பி நின்றன.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு பீர்க்கங்கூட்டைப் பார்த்தாள். "நானாடி?" என்றாள். "நாந்தானாடி ஒன்னைய இம்புட்டு நாளும்..." என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம். காரணம் என் உடம்புக்குள் இல்லை, அண்டாவில் இருக்கிறது. அண்டாவை ஒதுக்கி வைத்துவிடலாமே!

அன்றைக்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த லேடி டாக்டர் அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இது அழுக்கால வர்றதில்லம்மா. இவளுக்குப் பிறவியிலேயே வறண்ட தோல். கொதிக்கிற தண்ணியும் சோடாவும் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துடுது. வெதுவெதுன்னு ஊத்திச் சீக்கிரம் துடைச்சு, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவுங்க, போதும். அடியோட போகாது, வந்து வந்துதான் போகும். வேர்வை, கம்பளி, தூசி, பனி, பயம்னு எது எதுக்கு எழும்புதுன்னு பார்த்துக்கிட்டே இருங்க. ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஆகும். ஒரு நாளும் யாருக்கும் ஒட்டாது."

"கத்திரிக்கா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"சாப்பிட்டுத்தான் பாரேன்" என்று சிரித்தார்.

சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கருவாடும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மண்டியிலிருந்து வந்த அப்பா அந்தச் சட்டையோடு என்னைத் தூக்கிய மாலைகளில் கழுத்து தடித்தது. சாக்குத் தூசிதான் காரணம். அன்றிலிருந்து அவர் கிணற்றடியில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். "அடேயப்பா, கலெக்டர் வீட்டுக்குள்ள போறதுக்குக்கூட இம்புட்டு சட்டம் இல்ல" என்று கேலி செய்வார். கேலி செய்தாலும் ஒருநாளும் தவறவில்லை.

ஜூன் வந்தது. கையெல்லாம் தேறிவிட்டது. இடது முழங்கையில் மட்டும் ஒரு திட்டு, போகமாட்டேன் என்று இருந்தது. முழுக்கைச் சட்டை போடலாமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். மதர் வாசலில் நின்றிருந்தார். அவர் பார்வை நேரே அந்தத் திட்டுக்குத்தான் போனது.

"இன்னும் இருக்கே?"

"இருக்கு மதர். வரும், போகும். ஆனா ஒட்டாது" என்றாள் அம்மா. "ஒட்டுறதா இருந்தா மொதல்ல எனக்குல்ல ஒட்டியிருக்கணும்? பொறந்ததுலருந்து இவளத் தேச்சுக் குளிப்பாட்டுனது நாந்தான்." தன் இரண்டு கைகளையும் மதருக்கு முன்னால் நீட்டினாள். சமையலில் காய்த்துப்போன கைகள்தான், ஒரு திட்டு கிடையாது. "தொட்டுப் பாருங்க மதர்."

மதர் அம்மாவின் கைகளைப் பார்த்தார். பிறகு என் முழங்கையில், அந்தத் திட்டின் மேலேயே, விரலை வைத்தார். அப்படியே என் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

நான் பழக்கத்தில் கடைசி பெஞ்சுக்கு நடந்தேன். "அங்க இல்ல" என்றார். இரண்டாவது பெஞ்சில் ஏற்கெனவே நெருக்கம். "தள்ளிக்கங்க, இவளுக்கு இடம் விடுங்க." ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், பிறகு நகர்ந்தார்கள். நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் தோளோடு தோள். நல்ல வெயில் காலம். கொஞ்ச நேரத்தில் முழங்கை மடிப்பில் வேர்த்தது. வேர்த்தால் எனக்கு அரிக்கும் என்று தெரியும், அரித்தது. நான் நகரவில்லை.