வேகமாக வளர்ந்த தட்டு

போன தைப் பொங்கலுக்கு மறுவாரம் நடந்தது இது. கீரமங்கலம் பக்கத்தில் நானும் என் கணவரும் மல்லிகை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறோம். அவருக்கு வலது முழங்காலில் ஜவ்வு தேய்ந்துவிட்டது. பூ மார்க்கெட்டுக்குப் போக வண்டியை உதைப்பதற்குள் முகம் வெளிறிவிடும். மாத்திரை, தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

அப்போதுதான் வெளியூர் கிளினிக் ஒன்றின் விளம்பரம் அவர் போனுக்கு வந்தது. நம் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல்லை எடுத்து, லேப்பில் வளர்த்துப் பெருக்கி, மூட்டுக்குள் ஊசியாகப் போடுவார்களாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே தேதியும் வாங்கிவிட்டார்.

அந்த வாரம் என் அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தாள். பெங்களூரில் ஸ்டெம் செல் வளர்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். விடுவேனா? பாக்கெட்டுகளில் மண் நிரப்பிக்கொண்டே துளைத்தெடுத்தேன். எதில் வளர்ப்பீர்கள், என்ன தீனி, இடம் நிறைந்தால் என்ன செய்வீர்கள்?

"பிரிச்சு வேற தட்டுல வைப்போம் அத்தை, நீங்க நாத்துப் பிரிக்கிற மாதிரிதான்" என்றாள்.

அட, நம்ம தொழில்தானா என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. அவள் போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். "ரெண்டும் ஒரே நாள்ல வச்சது. நீங்களா இருந்தா எதை வச்சுக்குவீங்க?"

ஒன்றில் செல்கள் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இருந்தன. மற்றதில் இடமே இல்லாமல் நெருக்கியடித்தன. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் பண்ணையில் எந்தத் தாய்ச்செடி வேகமாகத் துளிர்க்கிறதோ, அதில்தான் குச்சி வெட்டுவோம். நிறைந்த தட்டைத் தொட்டேன்.

"அதைத்தான் அத்தை தூக்கிப் போட்டோம்."

எனக்குத் திக்கென்றது. அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் குரோமோசோம்களும் நகலாக வேண்டும். எப்போதாவது ஒன்றில் ஒரு துண்டு கூடிவிடும். சில சமயம் அந்தக் கூடுதலே அதற்கு வேகத்தைக் கொடுத்துவிடும். மற்றவற்றை ஒதுக்கிவிட்டு, கொஞ்ச நாளில் தட்டு முழுக்க அதன் வாரிசுகளே நிற்கும். அந்த நிறைந்த தட்டைச் சோதித்தபோது அதுதான் நடந்திருந்ததாம்.

"அப்ப அது கேன்சரா ஆத்தா?" என்றேன்.

"எல்லாம் அப்படி ஆகாது அத்தை. மாமாவுக்குப் போடுறதா சொல்றது நாங்க வளக்குறது இல்ல, வேற வகை செல்லு, அதுல இந்த மாத்தம் கம்மிதான். ஆனாலும் சோதிக்காம ஒடம்புக்குள்ள விடக்கூடாது."

என் கையிலிருந்த மல்லிகைக் குச்சியைப் பார்த்தேன். இது சரியில்லை என்றால் நாளைக்கே பிடுங்கி எறிந்துவிடலாம். மூட்டுக்குள் போனதை எப்படிப் பிடுங்குவது?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "வளத்த பெறகு குரோமோசோம் பாத்துட்டுத்தான் போடுவீங்களா?"

"ஒங்க செல்லுதானே சார், ஒங்களுக்கு என்ன பயம்?" என்றது அந்தக் குரல். "எங்க லேப்ல சூப்பரா, வேகமா வளரும் சார்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போனை வைத்துவிட்டார். எனக்கோ உடம்பு கூசியது. 'வேகமா வளரும்' என்பது, நாற்று வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்லி விற்கும் அதே வார்த்தை.

அவர் போகவில்லை. பெங்களூரிலிருந்து பேசும்போதெல்லாம், "முறையா சோதிச்சு நிரூபிச்ச சிகிச்சை வரட்டும் மாமா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்கிறாள் அண்ணன் மகள். வலி அப்படியேதான் இருக்கிறது. அவர் காலை நீட்டி முனகும்போது, அந்த ஆசையைக் கெடுத்தோமே என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் கிளினிக்கில் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்காக இன்றுவரை ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை.