நெஞ்சுக்கு ஏறிய மூலம்

"கூட நிக்க ஆள் இல்லாம அட்மிட் பண்ண மாட்டோம்" என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு இருக்கிற ஒரே ஆள் அம்மா. பெண்பிள்ளை என்று அவள் பெற்று வளர்த்த நான் ஒரு ஆண் என்று அவளிடம் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் சண்டை போடவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற "ஏட்டி"யை மட்டும் நிறுத்திவிட்டு "மக்கா" என்று ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் மக்கா என்றால் மகனுக்கும் ஆகும், மகளுக்கும் ஆகும். சாமர்த்தியக்காரி.

ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து என் குரல் உடைந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் "அவளுக்குச் சளி" என்றாள். இரண்டு வருடமாகச் சளி! தெருவே எனக்குச் சுக்கும் மிளகும் இடித்துக் கொடுத்தது. மறுத்தால் பொய் வெளியே வந்துவிடும் என்று அத்தனை கஷாயத்தையும் குடித்துத் தொலைத்தேன்.

இப்போது மார்பை நீக்கும் ஆப்பரேசன். மனநல டாக்டரின் சான்றிதழ், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, அம்மா மட்டும்தான் பாக்கி.

"வாறேன். கையெழுத்தும் போடுகேன். ஆனா தெருவுல ஒருத்திக்கும் தெரியப்பிடாது" என்றாள்.

"கேட்டா என்ன சொல்லுவ?"

"மூலம்னு சொல்லுகேன். அத யாரும் காட்டச் சொல்ல மாட்டாவ."

அவளுடைய மூளையைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அது ஆயுசுக்கும் பகை.

எனக்குப் பயம் கத்தியைப் பற்றி அல்ல. எல்லாம் முடிந்த பிறகு அம்மா என்னை மகனாகப் பார்ப்பாளா, இல்லை கெட்டுப்போன மகளாகவா என்றுதான் பயம். சான்றிதழ் கொடுத்த டாக்டரிடம்கூட இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அவரைக் கொட்டாவி விட வைத்தேன்.

ஆப்பரேசன் நன்றாக நடந்தது. மறுநாள் காலையில் கட்டை நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். அம்மா வராந்தாவிலிருந்து ஓடிவந்தாள்.

"மக்கா, ஆளு வருது! படு, படு! மூலக்காரி இப்பிடியா இருப்பா?"

மூலக்காரி ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டுமாம். நெஞ்சில் தையலை வைத்துக்கொண்டு எப்படி ஒருக்களிப்பது? மல்லாந்து படுத்து, அந்தப் புழுக்கத்தில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, முடிந்த மட்டும் முகத்தைச் சுளித்தேன்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அத்தை. பை நிறையப் பிடிகருணைக் கிழங்கு. கட்டிலில் உட்கார்ந்து என் காதருகே குனிந்தாள்.

"ஆருட்டயும் சொல்லிராத. எனக்கும் பத்து வருசமா கெடக்கு."

அதோடு முடிந்ததா? வந்த ஒவ்வொருவரும் குனிந்தார்கள். துத்தி இலை கொண்டுவந்த பெரியப்பா, தன் கதையை மட்டுமல்லாமல் கூட வராத தம்பியின் கதையையும் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் தெருவில் பாதிப் பேருடைய பின்பக்க நிலவரம் எனக்கு அத்துப்படி. என் ரகசியம் ஒன்றுக்காக நான் எத்தனை ரகசியத்தைத்தான் சுமப்பது, கடவுளே!

அத்தை மட்டும் கிளம்பவே இல்லை. அப்போது நர்ஸ் உள்ளே வந்து, "நெஞ்சு ட்யூபப் பாக்கணும்" என்று சொல்லிப் போர்வையைச் சடாரென்று இறக்கிவிட்டாள். உள்ளே நெஞ்சைச் சுற்றிக் கட்டு, இரண்டு பக்கமும் ட்யூப்.

அத்தை என் நெஞ்சைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"மூலத்துக்கு என்னத்துக்குட்டி நெஞ்சுல கட்டு?"

அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "முத்திட்டு மயினி. மூலம் நெஞ்சுக்கு ஏறிட்டு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அத்தைக்கு முகம் வெளுத்தது. "எனக்கும் ஒரு மாசமா நெஞ்சு எரியுது, கேட்டியா" என்று எழுந்தவள், நேரே கீழே போய் ஈசிஜி எடுத்துக்கொண்டுதான் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சளி, மூலம், இன்னும் என்னெல்லாம் சொல்லுவ? என்னயப் பெத்தது உனக்கு அவ்வளவு வெக்கமா இருக்கா?"

அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "பைய பேசு மக்கா. ஒடம்புக்கு ஆகாது" என்றாள். ஒரு சுளையை நீட்டினாள். சுளையை வாங்கமாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஞாயிறு, ஆராதனைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன். நோய் குணமானவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கையோடு ஒரு துண்டுத்தாளில் காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள். போதகர் அதை மைக்கில் வாசிப்பார். அம்மாவும் கொடுத்திருக்கிறாள் என்று வாசிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

"தன் மகளுக்கு நடந்த ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்ததற்காக..."

பெண்கள் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் அப்பிடி எழுதல்ல."

போதகர் தாளைப் பார்த்தார். "தெரியும்மா. கை தவறி எழுதிட்டீங்கன்னு நான்தான் திருத்தி..."

"தவறொண்ணும் இல்ல. எழுதினத வாசியுங்க."

முழுச் சபையும் திரும்பி அம்மாவைப் பார்த்தது. அவள் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே நின்றாள். போதகர் கண்ணாடியைச் சரிசெய்து, மைக்கில் முதலிலிருந்து வாசித்தார்.

"தன் மகனுக்கு நடந்த ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்ததற்காக, தாயார் படைக்கும் காணிக்கை."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குலுங்கி அழுதால் தையல் பிரிந்துவிடும். இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதேன்.