ஒரு விகுதிப் பிழை

எங்கள் ஒன்றியத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போன அந்த அம்மாவுக்கு நேர்ந்த அவமானத்தில் என் பங்கு என்ன என்பது வெகுநாள் வரை மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, எனக்கு, என் கணவருக்கு.

பெருநகர் என்ற ஊரைத் தாண்டி, செய்யாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பயிர்வைக்கும் குடும்பத்துப் பெண் அவர். படிப்பு பத்தாவதோடு நின்றது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் தலைவராக நின்று ஜெயித்தார். கணவர்தான் பின்னாலிருந்து நடத்தப்போகிறார் என்று ஊர் நினைத்தது. முதல் கூட்டத்துக்கு வந்த கணவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். இரண்டு முறை தலைவராக இருந்தவரைக் கட்சி டெல்லிக்கு அனுப்பியது. அங்கே அவர் கட்சிக்கு எதிர்வரிசை. நான் உத்திரமேரூரில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை. அவர் மகள் என்னிடம் படித்தவள். அந்த வகையில் பழக்கம்.

ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு காகிதக் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளாட்சிகளின் பதவிக்காலத்தைத் தொடும் அரசியல் சட்டத் திருத்த மசோதா, ஆங்கிலத்தில். பதினோரு பக்கம். கட்சி அலுவலகத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், அவர்கள் தமிழில் எழுதிக் கொடுப்பார்கள், இவர் எழுந்து படிக்க வேண்டும். இத்தனை நாள் அப்படித்தான் நடந்தது.

"இதுல என் பஞ்சாயத்து கீது டீச்சர்," என்றார். "எவனோ எழுதிக் குடுத்தத நான் படிக்கிறதா? இன்னா எழுதிகிறான்னு நீங்க தமிழ்ல சொல்லுங்க. கேள்விய நான் கேட்டுக்கிறேன்."

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அரசுச் சம்பளம் வாங்குகிறவள் கட்சிக்காரருக்கு எழுதிக் கொடுத்தது தெரிந்தால் மெமோவோடு நிற்காது என்றார். அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, என் பெயர் எங்கேயும் வராது என்று அவரிடம் ஒரே ஒருமுறை சொன்னார். திரும்பத் திரும்பச் சத்தியம் செய்கிறவர் அல்ல.

பத்து நாள், பள்ளி விட்டு நான் வந்ததும் அவர் வந்துவிடுவார். நான் ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்வேன். அவர் அதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். பொருந்தவில்லை என்றால் மேலே போகவிடமாட்டார். வேலூர்ப் பக்கம் ஒரு ஊராட்சியில் தேர்தல் தள்ளிப்போய் அதிகாரி வசம் இருந்தபோது, தெருவிளக்குக்காக யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் அவர் அக்காள் குடும்பம் அலைந்ததைச் சொன்னார். அப்படி ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஒரு ஊரும் ஒரு ஆளும் இருந்தார்கள். முப்பது வருஷம் வகுப்பில் கேள்வி கேட்டவள் நான். கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதை அந்தப் பத்து நாளில்தான் பார்த்தேன். கடைசியில் நான்கு கேள்விகள் நின்றன.

கலைப்பதைப் பற்றிய ஒரு பிரிவை மட்டும் சரிபார்க்க மிச்சம் இருக்கும்போது அவர் டெல்லிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. நகலை என்னிடம் விட்டுப் போனார். போனில் கேட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

புதன்கிழமை மதிய இடைவேளையில் போன் வந்தது. ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். காகிதத்தைப் பையிலிருந்து பாதி இழுத்து, மடியில் வைத்துப் படித்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இன்ன சூழ்நிலையில் ஊராட்சிகள் பதவிக்காலம் முடியும் முன்பே கலைக்கப்படும் என்று சொன்னேன்.

"கலைச்சிடுவாங்கன்னே போட்டுகீதா டீச்சர்?"

வராந்தாவில் தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. ஆமாம், அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். காகிதத்தைப் பைக்குள் தள்ளினேன். சாயங்காலம் அதை எடுத்து மறுபடி பார்த்திருக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுத்தாள் கட்டு காத்திருந்தது. பார்க்கவில்லை.

மசோதாவின் ஆங்கிலத்தில் இருந்தது 'மே', அதாவது 'கலைக்கப்படலாம்'.

மறுநாள் அவர் பேசியதை ஓய்வுப் பாடவேளையில் ஆய்வகத்துப் பின்னறையில் போனில் பார்த்தேன். தமிழில் பேசினார். முதல் இரண்டு கேள்விகளில் அவையே கொஞ்சம் அடங்கியது. மாநிலங்களைக் கேட்டீர்களா, கேட்டிருந்தால் அவர்கள் சொன்னது என்ன. மக்கள் ஐந்து வருஷத்துக்கு ஓட்டுப் போட்டதைப் பாதியில் நிறுத்த நீங்கள் யார். மூன்றாவதாக, ஊராட்சிகளைக் கட்டாயம் கலைப்பதாகச் சட்டத்திலேயே எழுதிவிட்டீர்களே, அது ஏன் என்று கேட்டார்.

அமைச்சர் சிரித்துக்கொண்டே எழுந்தார். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூர் மண்ணிலிருந்து உறுப்பினர் வந்திருக்கிறார், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சட்டத்தைக் கல்லில் வெட்டியவர்கள் ஊர், ஆனால் கையிலிருக்கும் காகிதத்தைப் படிக்காமல் வந்துவிட்டார் என்றார். 'லாம்' என்பதற்கும் 'படும்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு அரசியல் சட்டத்தைப் பேசுவது எப்படி என்றும் கேட்டார். ஆளும் வரிசை மேசையைத் தட்டிச் சிரித்தது.

அந்த அம்மா காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டியிருந்தார். சிரிப்பு முதலில் வந்தது, அர்த்தம் பிறகு வந்தது. நடுவில் அந்த இரண்டு மூன்று நொடிகள், ஏதோ நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள் என்பதுபோல் அவரும் லேசாகச் சிரித்தார். அதை நான் பார்த்தேன். பிறகு முகம் மாறியது. குனிந்து காகிதத்தைப் பார்த்தார். நாலாவது கேள்வியைத் தொடங்கினார். நேரம் முடிந்தது என்று மைக்கை நிறுத்திவிட்டார்கள். உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தன.

அன்று மாலைக்குள் அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எல்லா போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் போட்டுக் காட்டினார்கள். பத்தாவது படித்தவரை அனுப்பினால் இப்படித்தான் என்றார் ஒருவர். நான் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

யார் எழுதிக் கொடுத்தது என்று நிருபர்கள் கேட்டார்கள். கட்சிக்குள்ளேயும் கேட்டார்களாம். ஒரே பதில்தான் சொன்னார்: தானே படித்துத் தானே எழுதியது, தப்பு தன்னுடையது. நான் ஒரு கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது என்று, பெயரும் பள்ளியும் போட்டு, ஒரு பத்திரிகைக்கு. என் கணவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓய்வு பெற எனக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது. கடிதத்தை நான் அனுப்பவில்லை. கணவர் தடுத்தார் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

கூட்டத்தொடர் முடிந்து அவர் ஊருக்கு வந்ததும் பார்க்கப் போனேன். வாசலில் நெல் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"வுடுங்க டீச்சர்," என்றார். "உங்க பேர சொல்லியிருந்தா உங்க வேல போயிருக்கும். அதுக்காக அவங்க சிரிச்சத நிறுத்தியிருப்பாங்களா?"

நான் அழுதேன். அவர் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. நெல்லைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"லாம்னு இருந்தாத்தான் எனக்கு இன்னும் பயம். கலைக்கலாம்னா, யாரு நெனச்சா கலைக்கலாம்? யாரு கலைக்கிறதுன்றதத்தான் நாலாவதா வச்சிருந்தேன். அது ஒன்னுக்குத்தான் எனக்கு பதில் வேண்டியிருந்துச்சி. கேக்கவே வுடல."

பிழை செய்தவள் என்ற வலியோடு போனவள் நான். அந்தப் பிழை எதை விழுங்கியது என்பது அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடி வந்து உதவட்டுமா, இந்த முறை எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன் என்றேன். கட்சி அலுவலகத்தில் இனி அவர்கள் கொடுப்பதை மட்டும் படிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். அதற்கு அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீதி இருந்த காலத்தில் அவர் இரண்டு முறை பேசினார். இரண்டையும் பார்த்தேன். தடங்கல் இல்லாமல், தலை நிமிராமல், யாரோ எழுதிய நல்ல தமிழைப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. அடுத்த முறை கட்சி வேறொருவரை அனுப்பியது. மசோதா ஏதோ ஒரு குழுவுக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள்.

ஓய்வு பெற்ற மறுமாதம், தெரிந்த உள்ளூர் நிருபர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அது பழைய செய்தி, இப்போது போட்டால் யார் என்று விளக்கவே அரைப் பக்கம் வேண்டும் என்றார். துணிச்சல் வந்தபோது அதற்கு விலை இல்லாமல் போயிருந்தது.

போன வருஷம் அவர் ஊர் கிராம சபைக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். பெண்களோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி, ஒரு காலை நீட்டியிருந்தார். குடிநீர்த் தொட்டியைப் பற்றி யாரோ கேட்டார்கள். அதிகாரி, பரிசீலிக்கப்படும் என்றார். பக்கத்திலிருந்த பெண் இவரைத் திரும்பிப் பார்த்தாள், இவர் ஏதாவது கேட்பார் என்று. இவர் கூட்ட நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவளிடம் தள்ளினார்.