ஞாயிற்றுக்கிழமையின் பிராக்கெட்

தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு நான்தான் புரோகிராம் எழுதுகிறேன். நன்றாகவே எழுதுவேன், அடக்கமெல்லாம் எனக்கு வராது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உறைந்த இறால் ஏற்றிய குளிர்பெட்டிகள் இரண்டு மின்சாரம் இல்லாமல் வெயிலில் நிற்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். உடனே பிளக் மாட்டியதால் இறால் தப்பித்தது. பிளக் மாட்டும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி தப்பவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார்.

அண்ணாச்சி நேராக என் மேசைக்கு வந்தார். காலிப் பெட்டிகளும் அங்கேயே நிற்பதால், பிளக் மாட்ட வேண்டியவற்றின் லிஸ்டில் இல்லாத பெட்டியைத் தொடக்கூடாது என்பது யார்டின் சட்டம். அந்த லிஸ்டைத் தருவது என் புரோகிராம்.

“லிஸ்ட்ல அந்த ரெண்டும் இல்லம்மா. நான் எப்படி மாட்டுவேன்?”

“புரோகிராம் தப்பு பண்ணாது அண்ணாச்சி. நல்லாப் பாருங்க.”

அவர் பேப்பரை நீட்டினார். உண்மையிலேயே இல்லை.

புரோகிராம் எழுதும் எடிட்டரைத் திறந்தேன். புரோகிராமில் ஒவ்வொரு பகுதியும் ஒரு பிராக்கெட்டில் திறந்து அதன் ஜோடியில் மூடும். பிராக்கெட் எதுவும் விட்டுப்போயிருக்காது. விட்டிருந்தால் புரோகிராமே ஓடியிருக்காது. ஆனாலும் திறக்கும் பிராக்கெட்டில் நின்று ஷிஃப்ட் கீயோடு ஐந்தைத் தட்டினால் கர்சர் அதன் ஜோடிக்குத் தாவும். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று எழுதிய பகுதி மொத்தம் நாலு வரிதான். அங்கே தட்டியதும் கர்சர் சர்ரென்று திரையைத் தாண்டி அடியில் போய் நின்றது. தாமதமாக வரும் பெட்டிகளைச் சேர்க்கும் வரிகள் அத்தனையும் அந்த ஜோடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. அதாவது, தாமதமாக வந்த பெட்டி ஞாயிறன்று மட்டும்தான் லிஸ்டில் ஏறும். இறால் பெட்டிகள் இரண்டும் திங்கள் இரவு தாமதமாக வந்தவை.

முந்தின நாள் வரிகளை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று அந்த மூடும் பிராக்கெட்டைக் கீழே தள்ளியவள் நானேதான். எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல் திருத்திவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். திருத்தினேன். எழுந்து மேனேஜர் அறைக்குப் போய், “அண்ணாச்சி மேல தப்பு இல்ல சார். லிஸ்ட்டைக் கெடுத்தது நான்தான்” என்றேன். அவர் என்னைக் கடுகடுவென்று பார்த்தார். அண்ணாச்சியை வேலைக்குப் போகச் சொன்னார்.

திரும்பி வந்து புது லிஸ்டை எடுத்துக் கொடுத்தேன்.

“புரோகிராம் தப்பு பண்ணாதுன்னு சொன்னியளேம்மா?”

“இப்பவும் அதான் சொல்லுதேன் அண்ணாச்சி. பண்ணுனது நான்.”

அவர் சிரித்தார். பிறகு என் மேசை முன்னாலேயே நின்று, ஒவ்வொரு பெட்டி எண்ணாக விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் யார்டுக்குப் போனார்.